சளி என் இலாகா

ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில் இருமல் மருந்து நிரந்தர மந்திரி மாதிரி வீற்றிருந்தது. ஏழு வயது ஆதிராவுக்கு மாதம் தவறாமல் சளி பிடிக்கும். அவள் இருமினால் வீடே தன்னைத் தேடி ஓடி வருவதில் அதற்கு அப்படியொரு பெருமை.

ஒருநாள் பக்கத்தில் உடம்பில் ஊசி போடும் பேனா ஒன்று வந்து உட்கார்ந்தது.

“நீ எதற்கு?” என்றது மருந்து.

“பாப்பாவுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவாம். அதனால்தான் உயரவில்லை, நோயை எதிர்க்கவும் உடம்பில் தெம்பில்லை என்கிறார் டாக்டர். இனி தினமும் எனக்கு வேலை.”

“உயரத்துக்கும் சளிக்கும் என்னப்பா சம்பந்தம்? நீ உயரத்தை மட்டும் பார். சளி என் இலாகா.”

பேனா தினமும் வேலைக்குப் போய் வந்தது.

ஒரு வருடத்தில், ஆதிராவை நிற்கவைத்துச் சுவரில் போடும் பென்சில் கோடு நான்கு விரல் ஏறியது. மழைக்காலம் வந்து போனது. இருமல் மருந்தின் மூடியை யாரும் தொடவில்லை. தேதி முடிந்துவிட்டதென்று அம்மா அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அங்கே கிடந்த வாழைப்பழத் தோலிடம் மருந்து சொன்னது: “நான் சும்மா நின்றதற்கே சளி பயந்து ஓடிவிட்டது. இனி நான் இல்லாமல் என்ன பாடு படப்போகிறார்களோ, பாவம்.”