தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால்

"இந்த மே பத்தாம் தேதி மனு குடுத்தேன் சாரே. இன்னைக்கு ஜூலை பன்னெண்டு. ஒன்பது தடவை நடந்தாச்சு. எம் பிள்ளைய ஏன் சேக்கமாட்டம்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல்ல!"

ரத்னாபாய் உரத்த குரலில் பேசினாள். சாலைக் கடைத்தெருவில் துணிக்கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, மகளுடன் கிழக்கேகோட்டைக்கு அருகிலிருந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு வந்திருந்தாள். அன்று மாலையோடு சேர்க்கை முடிகிறது. அதற்குள் பெயர் ஏறாவிட்டால் மகளுக்கு ஓர் ஆண்டு வீண்.

தலைமையாசிரியர் ஆனந்தகிருஷ்ணன் முகத்தைச் சுளித்தார்.

"கத்தாதேங்கோ அம்மா. நான் எதிர்லதானே உக்காந்திருக்கேன்?"

ஒன்பது வயது ராகேல் தாயின் அருகில் நிற்கவில்லை. உள்ளே நுழைந்ததும் மேஜையைச் சுற்றி வந்து, தலைமையாசிரியரின் நாற்காலிக்குச் சற்றுப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் வாய் திறக்கவில்லை. கைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெற்றியைத் தொட்டன, நெஞ்சைத் தொட்டு மீண்டன.

ஆனந்தகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். "இவ ஏன் இங்கே வந்து நிக்கறா?"

"அவ அங்கனயே நிக்கட்டும் சாரே. அப்பந்தான் சரியாவும்."

"என்ன சரியாகும்? நீங்களும் என்னைப் பார்க்காம அவளையே பார்த்துண்டு பேசறேள். முதல்ல அந்தக் கையை ஆட்டறதை நிறுத்தச் சொல்லுங்கோ. குரங்குச் சேஷ்டை மாதிரி இருக்கு."

ராகேல் நிறுத்தவில்லை. விலாவை இரண்டு கைகளாலும் சொறிந்து காட்டினாள்.

வாசலருகே நின்ற எழுத்தர் சூடாமணி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், செஞ்சே காட்டறா சார்!"

ரத்னாபாயின் முகம் சிவந்தது. "பிள்ளைய அப்படிச் சொல்லப்பிடாது சாரே. நீங்க நாலெழுத்துப் படிச்சவிய."

தலைமையாசிரியர் சற்றுக் கூசினார். பேச்சை மாற்றுபவரைப் போல மனுவைக் கையிலெடுத்தார். அதன் தலைப்பில் சிவப்பு மையால், 'வாய் பேசாத, காது கேளாத குழந்தை' என்று எழுதப்பட்டிருந்தது.

"நான்தான் சார் எழுதினேன்" என்றாள் சூடாமணி. "வந்தப்பல்லாம் கவனிச்சேன். அம்மாதான் பேசுவா, இது கையைத்தான் ஆட்டும். ஆனா, என்ன வேகம் பாருங்கோ! கண்ணு எட்டறதுக்குள்ள விரல் மாறிடறது. பாவம்."

"கேட்டேளா?" என்றார் ஆனந்தகிருஷ்ணன். "காரணம் இதுதான். இந்த மாதிரிக் கொழந்தைகளுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கே சேர்த்தா நன்னாப் பார்த்துப்பா. இங்கே நாப்பது பேருக்கு நடுவுல இவளை வச்சுண்டு டீச்சர் என்ன பண்ணுவா?"

ராகேலின் விரல்கள் பறந்தன. ரத்னாபாய் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"ஐயோ! ஆரு சாரே சொன்னது? இவளுக்கு நல்லாக் கேக்கும். எனக்குத்தான்..."

"உங்களுக்குத்தான் ஒத்துக்க மனசு வரலை" என்று குறுக்கிட்டார் அவர். குழந்தையின் கைகள் மறுபடி உயர்ந்தன. தாய் பேச்சை நிறுத்திக்கொண்டாள். "முப்பது வருஷமாப் பார்க்கறேன். எல்லா அம்மாவும் இதையேதான் சொல்றா. நன்னாக் கேக்கும்னா பதில் சொல்லட்டுமே!"

அவர் நாற்காலியோடு திரும்பினார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கக் கேட்டார்.

"உன்... பேர்... என்ன?"

சிறுமியின் கைகள் அசைந்தன.

"ராகேல்" என்றாள் ரத்னாபாய்.

"உங்களைக் கேக்கலை! அவளே வாயைத் திறந்து சொல்லட்டும். சொல்லிட்டா இந்த நிமிஷமே சேர்த்துக்கறேன். சொல்லலைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும். மனசிலாச்சா?"

அந்தச் சிறு கைகள் கடைசி அசைவை முடிக்கும்வரை ரத்னாபாய் பொறுத்திருந்தாள். பிறகு மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ராகேல் கைகளைத் தாழ்த்தினாள்.

"என் பேரு ராகேல் சார். மார்த்தாண்டத்துல மூணாங்கிளாஸ் பாஸாயிருக்கேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும். கணக்குல தொண்ணூத்தாறு."

சூடாமணியின் கையிலிருந்த கோப்பு நழுவித் தரையில் விழுந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்த ராகேல், ஓடிச் சென்று அதை எடுத்துக் கொடுத்தாள்.

ஆனந்தகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இவ்வளவு அழகாப் பேசறியே கொழந்தே, இத்தனை நாழி ஏன் வாயை மூடிண்டிருந்தே? உன்னைக் குரங்குன்னு சொன்னப்போகூட உனக்குக் கோவம் வரலையா?"

ராகேல் மறுபடி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். முதலில் அவர் கேட்டது முழுவதையும் விரல்களால் சொல்லி முடித்தாள். அதன் பிறகே அவரிடம் திரும்பினாள்.

"கோவம் வந்துச்சு சார். ஆனா, எங்க அம்மாவுக்கு இடையில காது போயிட்டு, இப்பம் சுத்தமாக் கேக்காது. நீங்க சொல்றத நான் கையால சொன்னாத்தான் தெரியும். எனக்குக் கோவம் வந்துட்டுன்னு நான் நடுவுல பேசப்போனா, நீங்க சொல்றத அம்மாவுக்கு ஆரு சார் சொல்லுவா?"

ஆனந்தகிருஷ்ணன், அந்த ஒன்பது வயதுக் குழந்தையின் முன் தம்மையறியாமல் எழுந்து நின்றார்.

வாசகரே, இக்கதையை முதல் வரியிலிருந்து இன்னொரு முறை வாசியுங்கள். இம்முறை அவள் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.