வீட்டு மூளை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

மீதி மனைவி ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருந்தாள்.

அசையவில்லை. பேசவில்லை. இத்தனை வருட இல்லறத்தில் அவருக்கு வாய்க்காத காட்சி. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பார்.

இன்று அவர் கண் மணிமொழியனின் சட்டைப்பையில் இருந்தது.

பை லேசாகப் புடைத்திருந்தது.

உள்ளே அவளுடைய தாலிக்கொடி.

காந்தம் இருக்கும் அறைக்குள் நகை நட்டு எதுவும் போகக்கூடாது. தோட்டையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டாள். தாலியை மட்டும் அறை வாசல்வரை கொண்டுவந்தாள். அங்கே கழற்றி, பக்கத்தில் நின்ற தத்துவத் துறை மணிமொழியனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூளையியல் பேராசிரியரும், ஆய்வுத் திட்டத்தின் தலைவரும், மேற்படி தாலியைக் கட்டியவருமான அவர் அப்போது இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். கைப்பேசியில் ஒரு நிருபருக்கு நம்பிக்கை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். நம்பிக்கை மூளையில் பயறு அளவு இடத்தில் இருக்கிறது என்று சொன்ன நேரம் முழங்கையில் ஏதோ உரசியது. தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

எந்த ஆய்வு தொடங்கினாலும் முதலில் ஒரு வீட்டு மூளையை உள்ளே அனுப்பிப் பார்ப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். கோளாறு ஏதாவது இருந்தால் வெளியாளுக்குத் தெரியாமல் போய்விடும்.

அவளுக்கு முகங்கள் காட்டப்பட்டன. நம்பினால் வலது பொத்தான். இல்லையென்றால் இடது.

பால்காரர். வலது.

யாரோ ஒரு மீசைக்காரர். இடது.

கணவர். வலது.

அவர் தாடையைச் சற்று உயர்த்திக்கொண்டார்.

மணிமொழியன். வலது.

அதே வேகம்.

இரண்டு முகங்களுக்கும் திரையில் அவள் மூளைப் படத்தில் மின்னிய புள்ளிகளை அவர் எண்ணினார். எண்ணும்போது அவருக்கு உதடு அசையும். இரண்டாம் வகுப்புப் பழக்கம். மூன்று கண்டங்களில் உரையாற்றியும் போகவில்லை.

மணிமொழியனுக்கு ஒரு புள்ளி கூடுதல்.

ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக்கூடாது என்று மாணவர்களைப் படாதபாடு படுத்துகிறவர் அவர்தான்.

இயந்திரத்தின் இரைச்சல் ஓய்ந்தது. முதல் சுற்று முடிந்தது.

அவர் மைக்கை அழுத்தி, "அசையாம இருக்கணும், தெரியுதா?" என்று மனைவிக்கு அறிவுறுத்தினார். மற்ற ஆய்வகங்களில் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் உள்ளே கேட்கும். படுத்திருப்பவர்களுக்கு இவர் ஆற்றும் உரை நீளமானது. விரல் வலிக்கிறதென்று, ஒருமுறை அழுத்தினால் திறந்தே இருக்கும்படி மாற்றி வைக்கச் சொல்லியிருந்தார்.

பிறகு திரும்பினார்.

"அதுல எட்டுத் தங்கக் குண்டு இருக்கணும். வாங்கறப்ப எண்ணினீங்களா?"

மணிமொழியன் சிரித்தார்.

"எண்ணிட்டா அப்புறம் நம்பிக்கை எதுக்கு சார்? நம்ம கடையையே மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

நல்ல சிரிப்பு. பல் வரிசையும் நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"உங்களுக்கும் அவளுக்கும் எத்தனை நாளாப் பழக்கம்?"

சிரிப்பு பாதியில் நின்றது.

இயந்திரத்தை இயக்கும் ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"சார்… மைக் ஆன்ல இருக்கு."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலுறைக்குள் ஒரு கட்டைவிரல் மடங்கியது.

அப்புறம் அசையவில்லை.

மைக்கை அணைத்தார். ஏதாவது சொல்லலாமே என்று மறுபடி அழுத்தினார். அணைத்தார்.

"அடுத்ததப் போடும்மா."

இரைச்சல் தொடங்கியது.

மீசைக்காரர். இடது.

மணிமொழியன். வலது.

கணவர்.

முகம் திரையில் நின்றது. இந்தப் படத்துக்காக அவர் தனியாக ஸ்டுடியோவுக்குப் போயிருந்தார்.

வலது இல்லை.

இடதும் இல்லை.

படம் தானாகப் போயிற்று.

"பதில் வரல சார். மேடம் தூங்கிட்டாங்களோ?"

பால்காரர் வந்தார். வலது.

தூங்கவில்லை.

பதில் வராத இடங்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது ஆய்வின் விதி. அந்த விதியை எழுதியவரும் அவர்தான். இவ்வளவு நல்ல விதி என்று இதுவரை அவருக்குத் தோன்றியதில்லை.

அவள் வெளியே வந்தாள். ஒரு பக்கத் தலைமுடி நசுங்கியிருந்தது.

மணிமொழியன் இரண்டு கைகளாலும் கொடியை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

கணவரின் முழங்கையைத் தொட்டாள்.

அந்த உரசல் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது.

அவர் கையை விரித்து, கொடியை உள்ளங்கையில் வைத்தாள்.

"எட்டும் இருக்கான்னு பாத்துக்குங்க."

கையை மூடிவிட்டால் போதும். அது அவருக்கும் தெரிந்தது.

அவள் நகரவில்லை. அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவை அசைந்தன.