முதலில் கை

ராணியின் படுக்கையறைக்குள் நுழைந்தவர் கட்டிலைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த காவலர் நாற்காலியைத்தான் பார்த்தார்.

அவ்வளவுதான், அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவரும் ஒரு காவலர். இருபத்தெட்டு வருடமாக, ஊரில் ஓர் ஓவியக்கூடத்தில். ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தால் அவருக்கு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின மாதிரி இருக்கும்.

மனைவியோடு சுற்றுலா வந்தது இதுதான் முதல் தடவை. பேருந்தில் நான்கு நாள். மூன்று அரண்மனை, இரண்டு ஓவியக்கூடம், மதில் சூழ்ந்த பழைய ஊர் ஒன்று.

என்ன பார்த்தார் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார். முதல் அரண்மனையில் தடுப்புக் கயிறு தொய்ந்திருக்கிறது. இரண்டாவதில் கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு சரியில்லை. பழைய ஊரின் மதிலில் எட்டுப் பேர் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவனுக்குத் தன் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியவில்லை.

முதல் நாள் மனைவி சிரித்தாள். இரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள், கூட வந்த ஒரு பெரியவர் கிரீடம் இருந்த கண்ணாடிமேல் விரல் வைக்கப் போனார். இவர் போட்ட அதட்டலில் பேருந்து மொத்தமும் இவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

இன்று காலை பேருந்து இருக்கையிலிருந்து எழ முடியாமல் அவர் திணறினார். வருடக்கணக்காக நின்று நின்று தேய்ந்த முழங்கால், உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். அவள் எப்போதும்போலக் கையை நீட்டினாள். அவரும் எப்போதும்போலப் பார்க்காமலே அதைப் பிடித்து எழுந்தார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது என்கூட வந்தவரா இருங்க. இல்லன்னா சாயங்காலம் அக்கா ஊர்ல நான் இறங்கிக்கிறேன். நீங்க போய் உங்க நாற்காலியக் கட்டிக்கிட்டு அழுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியைத் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். அவர் சரி, சரி என்று தலையாட்டினார்.

மத்தியானம்வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். சிம்மாசனத்தைச் சிம்மாசனமாகப் பார்த்தார். ஒரு ராஜா படத்தின் முன்னால் நின்று, மூக்கும் முழியும் அப்படியே உன் அண்ணன்தான் என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

இன்னும் ஒரே ஓர் அறை. அதைத் தாண்டிவிட்டால் தப்பித்தார்.

அந்த அறையிலா நாற்காலி காலியாகக் கிடக்க வேண்டும்?

மனைவி சன்னலோரம் போய், கீழே தோட்டத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. வேறொரு பேருந்துக் கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றியிருந்த கயிறு முட்டி உயரம்தான். கட்டில்மேல் அந்தக் காலத்துப் பட்டு விரிப்பு, வியர்த்த விரல் ஒன்று பட்டால் போதும்.

குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். காவலன் எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டான், பாவி. அவன் வருகிறவரைக்கும், ஒரே நிமிடம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் உடம்பு மொத்தமும் அடங்கியது. நான்கு நாளாக வராத நிம்மதி. யாரோ கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நேராகப் போய் இடது கைப்பக்கம் என்றார். எல்லா அரண்மனையிலும் அங்கேதான் இருக்கும்.

இந்த வேலைக்கு விதி ஒன்றுதான். முதலில் கையைப் பார், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கண்கொத்திப் பாம்பாகக் கைகளைப் பார்த்தார். மோதிரம் போட்ட கை, ஐஸ்கிரீம் ஒட்டிய கை, பைக்குள் எதையோ துழாவுகிற கை. நேரம் போனதே தெரியவில்லை. கீழே அவர்கள் வந்த பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்து ஓய்ந்தது. கூட்டமும் மெல்லக் குறைந்தது.

அப்போது கயிற்றை ஒட்டி ஒரு கை நீண்டது.

உழைத்த கை. விரல் நுனிகளில் காய் நறுக்கிய கோடுகள். மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. இது திருட வந்த கை இல்லை, ஆசையில் தொட்டுப் பார்க்க வந்த கை என்று முடிவு கட்டினார். இந்த மாதிரிப் பெண்களை அதட்டக் கூடாது.

"தொடாதீங்கம்மா" என்றார், மரியாதையாக.

கை அப்படியே நின்றது. அவர் குரலுக்கு எந்தக் கையும் பின்வாங்கிவிடும். இதுவும் பின்வாங்கியது.

அதற்கு அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

மனைவி.

அந்தக் கை கட்டிலைத் தொட நீளவில்லை. உள்ளங்கையை விரித்து, அவர் பக்கம்தான் நீண்டிருந்தது. காலையில் பேருந்தில் நீண்ட மாதிரியே.

அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அவர் பதறி எழப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது.