சுவருக்கு வைத்த கல்

இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகத் திருவிழாவுக்கு ராட்டினம் ஏற்றிப்போகும் லாரியிலேயே குடித்தனம் நடத்திய நானும் செங்கமலமும், என் முழங்கால் போனபிறகு ஓர் அறை வீடு கட்டினோம். இதை விட்டால் போக்கிடம் இல்லை. குடிபுகுந்த அன்று படுக்குமுன், லாரி உருளாமலிருக்க டயருக்கு அண்டக்கொடுக்கும் கல்லைக் கை தானாக எடுத்து வெளிச்சுவரை ஒட்டி வைத்தது.

“வீடு எங்கய்யா ஓடப்போவுது?” என்று சிரித்தாள்.

“கெடக்கட்டும் புள்ள. வைக்காமப் படுத்தா கண்ணு மூடாது.”

காலையில் வாசல் பெருக்கப் போனவள் கூப்பிட்டாள். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“நகத்துனியா?” என்றேன்.

“நான் தொடவேயில்லய்யா.”

கல், ராத்திரி வைத்த இடத்திலேயே மண்ணில் பதிந்திருந்தது; விலகியிருந்தது சுவர்தான். இன்னும் பெரிய கல்லாகத் தேடி எடுத்துவந்தேன். உள்ளே செங்கமலம், லாரி கிளம்புமுன் கட்டுவதுபோல, பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.