மூன்றாவது தூண்

கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

பாலத்தில் கால் வைக்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்ன ஓடக்காரர். பாலம் திறந்து நாற்பது நாள் தாக்குப்பிடித்தார். கடைவாய்ப் பல்லுக்கு வைராக்கியம் தெரியுமா?

பல் டாக்டர் அக்கரையில். ஓடத்தைக் கரையேற்றிக் கவிழ்த்தாயிற்று.

பஸ்ஸில் ஊரே இருந்தது. ஒருவரும் கேலி செய்யவில்லை. அதுதான் பல்லைவிட அதிகமாக வலித்தது. முப்பத்தைந்து வருடம் இவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ.

மறந்துவிட்டார்கள்.

கீழே கொள்ளிடம் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பாலத்தின் தூண்களை எண்ணினார். ஒன்று. இரண்டு.

மூன்றாவது தூணுக்கு அடியில் சுழி. அவருடைய தாத்தா காலத்தில், ஒரு கல்யாணக் கூட்டத்தைச் சிரிக்கச் சிரிக்க விழுங்கிய சுழி. தண்ணீரின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் அங்கே ஓடத்தைத் திருப்ப வேண்டும். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. ‘தாண்டியாச்சு’ என்று ஓடக்காரன் சொன்னால்தான் மூச்சே விடுவார்கள்.

அதற்குப் பிறகு ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மூன்றாவது தூண் வந்தது.

முன் சீட்டுப் பவுனம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். பின்னால் வரப்புச் சண்டை பாதியில் நின்றது. யாரோ கைக்குழந்தையின் வாயில் விரலை வைத்தார்கள்.

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியூர்க் கண்டக்டர் அலுத்துக்கொண்டார். "நாப்பது நாளா பாக்குறேன். இந்த எடம் வந்தா எல்லாரும் ஊமையாயிடுறீங்க. அக்கரையில எறங்குற வரைக்கும் டிக்கெட்டு கேட்டாகூட பதில் வரமாட்டேங்குது. என்னதாங்க வேண்டுதல்?"

நாற்பது நாளாகவா?

அவர் திரும்பினார்.

பஸ் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த ஜனங்களையா தப்பாக நினைத்தோம் என்றிருந்தது. துண்டின் முடிச்சை அவிழ்த்தார். வீங்கிய வாய் சட்டென்று திறக்கவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள்.

"தாண்டியாச்சு."

கண்டக்டரைத் தவிர எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

பவுனம்மாள் விட்ட இடத்திலிருந்து மென்றாள்.