ரிவர்ஸ் கேமரா

"ரிவர்ஸ் போட்டா திரை முழுக்க ஒரே சிவப்பு. டூப்ளிகேட் கேமராவை என் தலையில கட்டிட்டியாய்யா?" ஸ்ரீவத்சன் போனில் சீறினார்.

"இன்னா சார், மாட்டும்போது பளிச்சுனுதானே இருந்துச்சு? வண்டிய எடுத்தாங்க, பாத்துடறேன்" என்றார் ராயப்பேட்டை மெக்கானிக் நெடுஞ்செழியன்.

மறுபடி அவனிடம் விட்டால் உள்ளேயிருந்து எதை உருவுவானோ. ஸ்ரீவத்சன் வேறு கேமரா வாங்கி, வீடியோ பார்த்து, மயிலாப்பூர் வீட்டு வாசலில் தானே மாட்டினார். காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டார். வாசல் கோலத்தின் புள்ளிகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"பாத்தியா, அவன் ஃப்ராடுதான்" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"புதுசு மாட்டியாச்சா? இருங்கோ, இதோ வரேன்."

திரையில் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள், கையில் சிமிழோடு. கண்ணில் ஒற்றிக்கொண்டு குனிந்தாள். குங்குமம் தொட்ட விரல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

திரை முழுக்க ஒரே சிவப்பு.