அரை நிமிட வாக்குறுதி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரன் மறுபடியும் கையை உயர்த்திப் பதிவை நிறுத்துகிறான். மைக்குக்கு முன்னால், பிரசவ வார்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் எச்சில் விழுங்குகிறாள். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை அணைத்திருக்கிறார்கள்; அவளுடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருக்கிறது. பஞ்சு ஒட்டிய சுவர்கள் மூச்சைக்கூட விழுங்கிவிடுகின்றன. "அக்கா, விளம்பரம் அரை நிமிஷம்தான். ரோடு, தண்ணி ரெண்டும் கணீர்னு வருது. பிரசவ வார்டுக்கு ராத்திரியிலயும் டாக்டர்னு சொல்ற இடத்துலதான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தொண்டை அடைச்சுக்குது. அதை எடுத்துட்டா கச்சிதமா இருக்கும்." ஹெட்போனில் அவன் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறது. அவள் விரல்கள் கைக்குட்டையைச் சுற்றுகின்றன, பிரிக்கின்றன, பச்சைக்குழந்தையைத் துணியில் பொதிவதுபோல மறுபடியும் சுற்றுகின்றன. "அப்போ அதையே முதல்ல சொல்றேன் தம்பி. நேரம் பத்தலைன்னா ரோட்டையோ தண்ணியையோ வெட்டிக்க." அவன் பொத்தானை அழுத்துகிறான். சிவப்பு விளக்கு எரிகிறது. கண்ணாடிக்கு மேலே கடிகாரத்தின் நொடிமுள் நகரத் தொடங்கிவிட்டது. அவள் உதடுகள் பிரிந்திருக்கின்றன. குரல் இன்னும் வரவில்லை.